ஏற்பு மாதிரி ஆய்வு

ஒரு தொகுதியிலுள்ள எல்லா உருப்படிகளையும் சோதிக்காமல், தற்செயல் முறையில் சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதித்து, முழுத் தொகுதியையும் ஏற்பதா தள்ளுவதா என முடிவு செய்யும் புள்ளியியல் முறை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹரால்டு டாட்ஜ், ஹாரி ரோமிக் இருவரும் 1920களில் இதற்கு வடிவம் தந்தனர். இந்தியாவில் இதற்கான தரநிலை ஐ.எஸ். 2500.

ஒரு தொகுதியில் 2,000 போல்ட்டுகள் வந்தால், அந்தத் தரநிலையின் பொது ஆய்வுநிலை இரண்டின்படி 125 எடுக்க வேண்டும். ஏற்கத்தக்க தர அளவு 1 விழுக்காடு என்றால், பழுது மூன்று வரை ஏற்கலாம். நான்கானால் முழுத் தொகுதியும் திரும்பிப் போகும். நல்ல சரக்கு தள்ளப்படுவதும் மோசமான சரக்கு தேறிவிடுவதும் நடக்கக்கூடியவையே. அந்த இரு அபாயங்களையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பதுதான் இம்முறையின் பெருஞ்சிறப்பு.

தொழிற்சாலை இல்லாத இடத்திலும் இதே தேவை உண்டு. நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் விளையும் மிளகை மணிமணியாகச் சோதிக்க முடியாது. மூட்டையின் மேல், நடு, அடி எனக் குத்தூசியால் எடுத்துக் கலந்து, ஈரப்பதமும் லிட்டர் எடையும் பார்க்க வேண்டும். வாய்ப்பக்கம் மட்டும் அள்ளிய கைப்பிடி மாதிரி ஆகாது.