தவளையைக் காப்பாற்றியது கம்ப்யூட்டரா, சட்டமா?

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஈ.சி.ஆர். ரோட்டில் தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. அங்கே இருக்கும் ஜிப்மரை நம்மில் பலருக்கு ஆஸ்பத்திரியாகத்தான் தெரியும். ஆனால் கல்லூரி லேப்களில் தவளையின் இடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த வரலாற்றிலும் ஜிப்மருக்குப் பங்கு உண்டு!

முன்பெல்லாம் பி.எஸ்ஸி. விலங்கியல் பிராக்டிகல் என்றாலே தவளைதான். குளோரோஃபார்ம் கொடுத்து, மெழுகுத் தட்டில் மல்லாக்கப் போட்டு, கால்களில் குண்டூசி குத்தி, வயிற்றைக் கீறிப் பார்ப்பார்கள். வருஷா வருஷம் புது மாணவர்கள், புதுத் தவளைகள்.

இது தேவையா என்ற கேள்வி புதிதல்ல. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-ல் ராஜ்யசபா நியமன உறுப்பினரானார். விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அரசே சட்டம் கொண்டு வரும் என்று நேரு உறுதி சொன்னதும் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960-ம் வருட விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். விலங்குச் சோதனைக்கான விதிகள் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதன் 17-வது பிரிவு சொல்கிறது. புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் போன்றவை போதும் என்றால் கல்லூரிகளில் சோதனையைத் தவிர்க்க வேண்டும். வெறும் கைப்பழக்கத்துக்காகவும் கூடியவரை செய்யக் கூடாது.

சட்டத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தும் கத்தி நிற்கவில்லை. படம் அசையாது, மாதிரி உருவத்தின் இதயம் துடிக்காது என்று சொல்ல வழி இருந்தது. அந்தச் சாக்கைப் பறித்தது கம்ப்யூட்டர்தான்.

1984-ல் அமெரிக்காவில் 'ஆபரேஷன் ஃப்ராக்' என்ற சாஃப்ட்வேர் வந்தது. 1987-ல் கலிபோர்னியாவில் ஜெனிஃபர் கிரஹாம் என்ற பள்ளி மாணவி தவளையை அறுக்க மறுத்து கோர்ட்டுக்கே போனார். அடுத்த வருஷம் அங்கே பள்ளி மாணவர்களுக்கு மறுக்கும் உரிமை சட்டமானது. அதே 1987-ல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. வயல் பூச்சிகளைத் தின்னும் தவளை குறைந்தால் நஷ்டம் விவசாயிக்குத்தானே!

1990-களில் சென்னை புளூ கிராஸ் அமைப்பு 'கம்ப்யூஃப்ராக்', 'கம்ப்யூரேட்' என்ற சாஃப்ட்வேர்களைக் கொண்டு வந்தது. பிறகு ஜிப்மரில் டாக்டர் ஆர். ரவீந்திரன் 'எக்ஸ்ஃபார்ம்' உருவாக்கினார். இது மருந்தியல் மாணவர்களுக்கானது. தவளை இதயத்திலும் முயலின் கண்ணிலும் எந்த மருந்து என்ன செய்யும் என்பதைத் திரையிலேயே பார்க்கலாம். பெயர் தெரியாத மருந்தைக் கொடுத்து கண்டுபிடிக்கச் சொல்லும் பரீட்சையும் உண்டு. கணக்குப் போட்டால், தவளை ஒரு முறைச் செலவில் தீர்ந்துவிடும். சாஃப்ட்வேரை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம், தப்பு செய்தால் மறுபடி ஆரம்பிக்கலாம்.

கடைசியில் யு.ஜி.சி. அசைந்தது. 2011-ல் வந்த வழிகாட்டுதல்படி, இளநிலை வகுப்பில் மாணவர் யாரும் அறுக்கக் கூடாது, ஆசிரியர் மட்டும் ஒரே ஓர் இனத்தைச் செய்து காட்டலாம். 2014-ல் விலங்கியல் பாடத்தில் அறுப்பதையே நிறுத்தச் சொன்னது. 1960-லிருந்து கணக்கிட்டால் 54 வருஷம்!

ஆக, தலைப்புக் கேள்விக்குப் பதில் என்ன? சட்டம் ஆசைப்பட்டது, கம்ப்யூட்டர் அதைச் சாத்தியமாக்கியது. ஒன்றில்லாமல் மற்றொன்று ஜெயித்திருக்காது.

ஆனால் திரையில் தெரியும் தவளை மழைக்குக் கத்தாது. உடலுக்குள் இருப்பதைக் கம்ப்யூட்டர் காட்டிவிடும், உயிர் வாழும் விதத்தைப் பார்க்க வெளியேதான் போக வேண்டும். மரக்காணத்தை ஒட்டியுள்ள கழுவேலி, தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஈரநிலங்களில் ஒன்று. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அறுக்காமல் மிச்சமான பிராக்டிகல் நேரத்தில் கொஞ்சத்தை அந்தக் கரையில் செலவழித்தால், விலங்கியல் மாணவர்கள் உயிருள்ள விலங்குகளைப் பார்த்தே படிக்கலாம்.