ஊசிப் போதையும் இதய வால்வுத் தொற்றும்: குடும்பங்கள் அறிய வேண்டியவை

வலி நிவாரணி மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழகத்தில் இளைஞர்கள் சிலரைப் பிடித்திருக்கிறது. டேபென்டடால் மாத்திரைகள் பிடிபட்ட செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். இந்தியாவில் சுமார் 8.5 லட்சம் பேர் ஊசி வழியாகப் போதை ஏற்றுவதாக, மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களின் உயிருக்கு அளவு மீறிய போதை மட்டும் ஆபத்தல்ல. இதய வால்வில் பிடிக்கும் தொற்றும் ஆபத்துதான்.

நோய் எப்படி வருகிறது?

அசுத்தமான ஊசி, தண்ணீர், தோல் வழியாகக் கிருமி இரத்தத்தில் கலக்கிறது. பெரும்பாலும் அது ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ். கை நரம்பின் இரத்தம் முதலில் இதயத்தின் வலப்பக்கம் சேர்வதால், அங்குள்ள மூவிதழ் வால்வில் கிருமி ஒட்டி வளர்கிறது. அதிலிருந்து உடையும் துணுக்குகள் நுரையீரலில் போய் அடைக்கின்றன. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவை அறிகுறிகள். இடப்பக்க வால்வு பாதித்தால் துணுக்கு மூளைக்குச் சென்று பக்கவாதமும் வரலாம்.

மறைத்தால் தவறிப்போகும்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் இருமல் என்றாலே பட்டாசு மருந்துத் தூசி என்றோ காசநோய் என்றோ எண்ணிவிடுவோம். பக்கத்து கிளினிக்கில் போடும் ஆன்டிபயாடிக் ஊசியில் காய்ச்சல் இரண்டு நாள் தணியலாம். ஆனால் அதன்பின் இரத்தப் பரிசோதனையில் கிருமி சிக்காமல் போகலாம். ஆகவே ஊசிப் பழக்கத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இரத்தக் கல்ச்சரும் எக்கோ பரிசோதனையும் தேவை. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையையோ நாடலாம்.

இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை

இந்த நோய்க்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். ஆனால் போதை நின்ற ஓரிரு நாளில் உடல் குடைச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை வாட்டும். அதைத் தாங்காமல் பிள்ளை மருத்துவமனையை விட்டு ஓடுகிறான். நாமோ 'திருந்தாதவன்' என்று கைவிடுகிறோம். சேர்த்த நாளிலேயே மனநல மருத்துவரையும் பார்க்கக் கேளுங்கள். அவர்கள் தரும் புப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன் இந்த வேதனையை அடக்கும். போதைக்குச் சிகிச்சை தராமல் வால்வை மட்டும் மாற்றினால், பிள்ளை மீண்டும் ஊசியை எடுக்கும்போது புதிய வால்விலும் தொற்று வரலாம்.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். இது இன்பத்துக்காக எடுப்பதல்ல. மருத்துவர் அளந்து தரும் மருந்து. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. நாம் இதைச் சிகிச்சையாகவே பார்க்கிறோம். தவ்பாவுக்கு இது தடையல்ல.

வழக்குக்கு அஞ்ச வேண்டுமா?

1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதையைப் பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தாமாக முன்வந்து, அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

பிள்ளையின் மானத்தைக் காப்பது நம் கடமை. அதற்காக நோயை மறைத்து உயிரை இழந்துவிடக் கூடாது. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.