புகையைத் தேடிப் போன டிசி-8

ஒரு தீ விபத்துதான் அந்த விமானத்துக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. 1985 ஜூலையில் கலிபோர்னியாவின் மார்ச் விமானப்படைத் தளத்தில் நாசாவின் ஆய்வு விமானமான கான்வேர் 990 ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தது. டயர் வெடித்து, சிதறிய துண்டு எரிபொருள் தொட்டியைக் கிழிக்க, விமானம் எரிந்துபோனது. உள்ளே இருந்த 19 பேரும் தப்பியது பெரிய விஷயம். அதற்கு முன்பு அதே வேலையில் இருந்த இன்னொரு கான்வேர் 1973-இல் கடற்படை விமானம் ஒன்றோடு மோதி 16 பேரைப் பலிகொண்டிருந்தது. இப்படி ராசியில்லாத நாற்காலியில் வந்து உட்கார்ந்ததுதான் டிசி-8.

அது புது விமானம் அல்ல. 1969-இல் தயாராகி, இத்தாலியின் அலிடாலியாவுக்குப் பயணிகளைச் சுமந்தது. பிறகு அமெரிக்காவின் பிரானிஃப் நிறுவனத்துக்குக் கைமாறியது. பிரானிஃப் 1982-இல் திவாலானது. நாசா அந்த விமானத்தை வாங்கி, 1986-இல் நான்கு இன்ஜின்களையும் மாற்றிப் புதியவை பொருத்தியது. இருக்கைகள் பலவற்றைக் கழற்றிய இடத்தில் கருவி அடுக்குகள் வந்தன. ஜன்னல் கண்ணாடிகளுக்குப் பதிலாக வெளிக்காற்றை உறிஞ்சும் குழாய்கள் முளைத்தன. கூரையிலும் தரையிலும் லேசர் கதிர் போய்வர வழி திறந்தார்கள். 13 டன்னுக்கு மேல் கருவிகளை ஏற்றிக்கொண்டு, 12 மணி நேரம் வரை இறங்காமல் பறக்கும். 1,000 அடியிலும் பறக்கும், 40,000 அடிக்கு மேலும் ஏறும். பயணிகள் விமானம் கண்ணில் பட்டாலே ஒதுங்கிப் போகிற புகைக்கும் புழுதிக்கும் உள்ளே இது வேண்டுமென்றே நுழையும்.

செயற்கைக்கோள்கள் இருக்கும்போது இந்த வேலை எதற்கு? பதிலை அதன் முதல் பெரிய பயணமே சொல்லிவிட்டது. 1985-இல் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்ளின் ஆகிய மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்டிகாவின் ஹாலி தளத்தில் தரையிலிருந்து எடுத்த அளவுகளை வைத்து, வசந்த காலத்தில் ஓசோன் பாதாளத்துக்குச் சரிகிறது என்று எழுதினார்கள். நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோளும் அந்தச் சரிவைப் பார்த்திருந்தது. ஆனால் இவ்வளவு குறைந்த அளவு நம்பத் தகுந்ததல்ல என்று கணினி நிரல் அவற்றுக்குச் சந்தேகக் குறி போட்டு வைத்திருந்தது. மேலே இருந்த கண் பார்த்தது. பார்த்ததை நம்பக் கீழே ஆள் இல்லை.

ஓசோனில் ஓட்டை விழுந்தது உறுதியான பிறகு, அதைப் போட்டது யார் என்ற கேள்வி எழுந்தது. 1987 ஆகஸ்டில் டிசி-8 சிலியின் தென்கோடியான புன்டா அரேனாஸுக்குப் போனது. கூடவே ஒற்றை விமானி ஓட்டும் ஈஆர்-2 விமானமும். ஈஆர்-2 சுமார் 18 கி.மீ. உயரத்தில் ஓட்டைக்குள்ளேயே போய், குளோரின் மோனாக்சைடு ஏறும் இடத்தில் ஓசோன் இறங்குவதை அளந்து காட்டியது. டிசி-8 அதற்குக் கீழே பறந்து, லிடார் எனும் லேசர் கருவியை மேல்நோக்கித் திருப்பி ஓசோனையும் துருவ மேகத் துகள்களையும் அடுக்கடுக்காக வரைந்தது. அந்த மேகத் துகள்களின் மேல்தான் குளோரின் விழித்துக்கொள்கிறது. குளோரின் மேலான பழியை நிரூபித்தவை ஈஆர்-2-இன் கருவிகள்தான் என்பது நியாயமாகச் சொல்லப்பட வேண்டியது. விமானங்கள் அங்கே பறந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பர் 16 அன்று, ஓசோனைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அடுத்த முப்பது வருடங்களில் அது போகாத திசை இல்லை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை கக்கிய கந்தக டை ஆக்சைடு சுமார் 2 கோடி டன் என்று செயற்கைக்கோள் கணக்குச் சொன்னது. அது அமிலத் துளிகளாக மாறி வட துருவம் வரை பரவியதை அந்தக் குளிர்காலத்தில் டிசி-8-இன் லிடார் பார்த்தது. அந்தத் துளிகளின் படலம் உலகின் சராசரி வெப்பத்தை ஏறக்குறைய அரை டிகிரி குறைத்துவிட்டது. 1992-இல் தென் அட்லாண்டிக் கடல் மேல் செயற்கைக்கோள் கண்ட ஓசோன் குவியலுக்குக் காரணம் தேடிப் போய், ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் எரியும் காட்டுக்கும் புல்வெளிக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்று கண்டது. 2006-இல் கேப் வெர்டே தீவிலிருந்து சஹாரா புழுதி. 2016 முதல் 2018 வரை, நான்கு பருவங்களிலும் ஒவ்வொரு முறை, பசிபிக் வழியாகத் தெற்கே இறங்கி அட்லாண்டிக் வழியாக வடக்கே ஏறியது. 2019-இல் வாஷிங்டன் மாநிலக் காட்டுத்தீ தானே கிளப்பிய இடிமேகத்துக்குள் போய்வந்தது. ஒரு வேடிக்கையும் உண்டு. 2013-இல் இதன் இன்ஜினிலேயே தாவர எரிபொருள் கலந்து ஊற்றி, இன்னொரு விமானத்தை வால் பக்கம் ஓட்டி இதன் புகையை அளந்தார்கள்.

இதன் ஆயுளில் எனக்கு முக்கியமாகப் படுவது சியோல். 2016 மே, ஜூன் மாதங்களில் கொரியாவில் நடந்த ஆய்வுக்குக் கோரஸ்-ஏக்யூ என்று பெயர். செயற்கைக்கோள் ஒரு நகரத்தின் மேல் பார்ப்பது, தரையிலிருந்து வான விளிம்பு வரையுள்ள துகள்கள் எல்லாம் சேர்ந்து ஒளியை எவ்வளவு மங்கச் செய்கின்றன என்ற ஒரே எண். ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் யாருக்கும் தொந்தரவின்றிக் கடந்து போகும் புகையும், பள்ளிக்கூட வாசலில் குழந்தையின் மூக்கில் ஏறும் புகையும் அந்த எண்ணில் ஒன்றுபோலத் தெரியலாம். துகள் உப்பா, கரியா, நைட்ரேட்டா என்பதும் அதில் இருக்காது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். காற்று அப்படி வெந்த சோறு அல்ல, அடிக்கு அடி பதம் மாறும். ஆகவே டிசி-8 காலை, நண்பகல், மாலை என ஒரே நாளில் மூன்று முறை சியோலுக்கு மேல் ஒரே பாதையில் வந்தது. நகரை ஒட்டிய விமானப்படைத் தளத்தில் இறங்குவதுபோல் தாழ்ந்து, ஓடுபாதையைத் தொடாமல் மறுபடி ஏறும். பிறகு சியோலுக்கு அருகிலுள்ள தேஹ்வா காட்டின் மேல் சுருள் சுருளாக ஏறி, ஒவ்வொரு உயரத்திலும் காற்றை முகர்ந்து பார்க்கும்.

சியோலின் நுண்துகள்களில் முக்கால் பங்குக்கு மேல் புகைபோக்கியிலிருந்து துகளாகவே வந்தவை அல்ல. வாயுக்கள் காற்றிலேயே வினைபுரிந்து துகளானவை. இதுதான் அங்கே கிடைத்த பதில். மாசெல்லாம் சீனாவிலிருந்து வருகிறது என்று பேசிக்கொண்டிருந்த கொரியர்கள் தங்கள் ஊர்த் தொழிற்சாலைகளின் டொலுவீன் போன்ற கரைப்பான் ஆவிகளையும் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு விமானம் அரசியல் பேச்சின் திசையைக் கொஞ்சமாவது திருப்பியது என்றால் அது சாதாரணமல்ல.

2020 பிப்ரவரியில் கொரியா ஜெம்ஸ் கருவியை விண்ணில் ஏற்றியது. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் ஆசியாவின் மேல் நிலையாக நின்று, பகலில் மணிக்கு ஒருமுறை காற்று மாசை அளக்கும் முதல் கருவி அது. அதன் எண்களைச் சரிபார்க்கத்தான் டிசி-8-இன் கடைசிப் பயணம். 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆசியா-ஏக்யூ என்ற பெயரில் பிலிப்பைன்ஸ், தென் கொரியா, தாய்லாந்து என்று பறந்தது. தாய்லாந்துக்கு அது 2012-லேயே போயிருக்க வேண்டும். உ-தபாவ் தளத்தில் இறங்க அனுமதி தருவதா வேண்டாமா என்று அந்நாட்டு அரசியல் இழுத்தடித்ததில் நாசா அந்தப் பயணத்தைக் கைவிட்டது. பன்னிரண்டு வருடம் கழித்து, ஓய்வு பெறும் தறுவாயில், அதே தளத்திலிருந்து அது பறந்தது.

2024 மே 15 அன்று ஐடஹோ மாநிலத்தின் போகடெல்லோவுக்குப் பறந்து போனதோடு அதன் பறப்பு முடிந்தது. அங்கே ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விமானப் பராமரிப்பு படிக்கும் மாணவர்கள் அதில் கைப்பழகுகிறார்கள். அதன் இடத்துக்கு ஜப்பான் ஏர்லைன்ஸ் ஓட்டிய போயிங் 777 ஒன்றை நாசா வாங்கியிருக்கிறது.

ஜெம்ஸ் பார்க்கும் பரப்பின் மேற்கு ஓரம் கிழக்குத் தீர்க்கரேகை 75 பாகை. கோவை, மதுரை, சென்னை, யாழ்ப்பாணம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் டிசி-8 கடைசிச் சுற்றில் இந்தியாவின் மேல் பறக்கவில்லை. நம் காற்றைப் பற்றிச் செயற்கைக்கோள் சொல்லும் எண்ணை நம் வானத்தில் நம் விமானமே ஏறிச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தயாராக நினைக்கும் மாணவர்களுக்கு ஒன்று: டிசி-8 அளந்த எண்களை நாசா இணையத்தில் யாருக்கும் இலவசமாக வைத்திருக்கிறது. சியோல் பறப்புகளிலிருந்து தொடங்குங்கள்.