விமானி ஹெட்செட்டும் இரைச்சல் நீக்கமும்

சிறு விமானங்களில் எஞ்சினும் புரொப்பெல்லரும் எழுப்பும் தாழ் அதிர்வெண் உறுமலே விமானியின் செவித்திறனுக்குப் பெரும் தொல்லை. காதை மூடும் கிண்ணங்கள் கீச்சொலியைத் தடுக்கும் அளவுக்கு உறுமலைத் தடுப்பதில்லை.

1978இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்த எம்.ஐ.டி. பேராசிரியர் அமர் போஸ், இரைச்சலால் ஹெட்போனில் இசை கேட்க இயலாமல், எதிரலையால் இரைச்சலை அழிப்பதற்கான கணக்குகளை விமானத்திலேயே போட்டார். கருத்து புதிதன்று; பால் லூயெக் 1936இலேயே அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார்.

1986 டிசம்பரில், வழியில் எரிபொருள் நிரப்பாமல் 9 நாட்களில் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தில், டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் போஸ் நிறுவனத்தின் மாதிரி ஹெட்செட்டுகளை அணிந்தனர். விற்பனை 1989இல் தொடங்கியது.

ஆனால் இண்டர்காம் கம்பி வழியே நுழையும் ஆல்டர்னேட்டரின் சீழ்க்கையை இவை நீக்குவதில்லை. அதையும் பேச்சாகவே ஒலிக்கச் செய்யும். அதற்கு எர்த் இணைப்பைத்தான் சோதிக்க வேண்டும்.