ஷெர்புரூக் தெருவில் ஓர் இரவு

டென்வர் நகருக்குக் கிடைத்த குளிர்கால ஒலிம்பிக்கை 1972இல் கொலராடோ மக்கள் ஓட்டுப் போட்டு விரட்டியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அடுத்தது 1984 லாஸ் ஏஞ்சலஸ். ஆனால், மாண்ட்ரியல் மேயர் ழான் திராப்போவைச் சொல்லாமல் அங்கே போக முடியாது.

மெட்ரோ ரயில், 1967 உலகக் கண்காட்சி என்று சாதித்துக் காட்டிய மனிதர். மாஸ்கோவையும் லாஸ் ஏஞ்சலஸையும் முந்தி 1976 ஒலிம்பிக்கை வாங்கி வந்தார். ஆண் எப்படிப் பிள்ளை பெற முடியாதோ, அப்படித்தான் இந்த ஒலிம்பிக்கில் நஷ்டமும் வர முடியாது என்று அடித்துச் சொன்னார். செலவு எகிறியதும், கர்ப்பிணி மேயர் டாக்டருக்குப் போன் போடுவதாக ஒரு கேலிச்சித்திரமே வந்தது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜே தாய்பேர் வரைந்த ஒலிம்பிக் அரங்கத்தின் சாய்ந்த கோபுரம், போட்டி தொடங்கியபோது அரைகுறையாக நின்றது. அது முடிந்தது 1987இல்.

இந்தச் செலவைவிட என் நெஞ்சை அறுப்பது ஷெர்புரூக் தெருதான். அரங்கத்தை நோக்கிப் போகும் நீண்ட சாலை. அந்த ஆண்டுகளில் அங்கே பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டன. 1973இல் வான் ஹார்ன் மாளிகையும் போனது. ஒலிம்பிக் கலைவிழாவுக்காக மெல்வின் சார்னி என்ற கட்டடக் கலைஞர் கலைஞர்களைத் திரட்டி, அதே தெருவில் 'கோரிதார்' என்ற கண்காட்சியை அமைத்தார். சாரங்களில் தெருவின் பழைய புகைப்படங்கள். வீடுகள் இடிக்கப்பட்ட ஒரு காலி மனையில், எதிர்வரிசை வீடுகளின் முகப்பை ஒட்டுப்பலகையால் அப்படியே எழுப்பினார். இங்கே குடும்பங்கள் வாழ்ந்தன என்று வரும் விருந்தினருக்குச் சொல்ல அதைவிட நேர்மையான வழி இல்லை.

மேயருக்கு அது பொறுக்கவில்லை. தொடக்க விழாவுக்குச் சில நாள் முன்பு, ஜூலை 13 இரவில், நகராட்சி ஆட்களை அனுப்பி அத்தனையையும் பிய்த்தெறியச் சொன்னார். வீடுகளை இடிக்க விட்டதோடு நிற்காமல் அவற்றின் நினைவையும் இடித்த இவரைத் தொலைநோக்காளர் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. கலைஞர்கள் வழக்குப் போட்டார்கள். சமரசம் வந்தது 1988இல், அவர் பதவியை விட்டுப் போன பிறகு.

ஒலிம்பிக் கடன், சுமார் 150 கோடி கனடிய டாலர், 2006இல்தான் அடைந்தது. அதில் பெரும்பங்கு கியூபெக்கில் சிகரெட் வாங்கியவர்கள் கட்டிய வரி; 1976இல் பிறக்காதவர்களும் அதைக் கட்டினார்கள்.

மாண்ட்ரியலின் கடனைப் பார்த்து மற்ற நகரங்கள் அப்போதே ஒதுங்கின. 1984 போட்டியை நடத்த 1978இல் கடைசிவரை களத்தில் நின்றது லாஸ் ஏஞ்சலஸ் மட்டுமே. நஷ்டம் வந்தால் நகரம் ஏற்காது என்ற நிபந்தனையோடு நின்றது. அந்தப் பேரம் அடுத்த வாரம்.

(தொடரும்)