மலத்தில் இரத்தம்: ‘மூலம்தான்’ என்று விட்டுவிடலாமா?

மலத்தில் இரத்தம் தெரிகிறது என்றால், நம் வீடுகளில் முதலில் வரும் பதில் “உடம்பு சூடுடா, இளநீர் குடி” என்பதுதான். அடுத்தது, “மூலமா இருக்கும்”. பல நேரங்களில் அது மூலமாகவே இருக்கும். ஆனால், அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். அம்மாவோ கூகளோ அல்ல.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் மலேசியாவில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து அதிகமாகக் காணப்படுகிறது. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, ஆண்களிடையே இதற்குத்தான் முதலிடம். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு 3 அல்லது 4-ஆம் கட்டத்தில்தான் தெரிய வருகிறது.

இத்தனைக்கும் இது மெதுவாக வளரும் நோய். குடலின் உள்சுவரில் ‘பாலிப்’ எனும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. அவற்றில் சில மட்டுமே, அதுவும் பெரும்பாலும் பத்தாண்டு போல எடுத்துக்கொண்டு, புற்றுநோயாக மாறும். அதற்குள் கண்டுபிடித்தால், கொலோனோஸ்கோபி செய்யும்போதே வெட்டி எடுத்துவிடலாம்.

வயதானவர்களுக்குத்தானே வரும்?

பெரும்பாலும் 50-க்கு மேல்தான். ஆனால், பல நாடுகளில் அதைவிட இளையோரிடமும் கூடி வருகிறது. ‘பிளாக் பேந்தர்’ நாயகன் சாட்விக் போஸ்மனுக்கு 2016-இல் கண்டறியப்பட்டபோதே 3-ஆம் கட்டம். 2020 ஆகஸ்டில், 43 வயதில் இறந்தார். இரத்தம், வாரக்கணக்கில் நீடிக்கும் மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்தசோகை ஆகியவை இருந்தால், எந்த வயதானாலும் மருத்துவரைப் பாருங்கள். பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது இந்நோய் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பரிசோதனையை முன்கூட்டியே தொடங்க வேண்டியிருக்கலாம்.

சாப்பாட்டில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. சாசேஜ், ஹேம் போன்ற பதப்படுத்திய இறைச்சியை, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் அபாயம் சுமார் 18 விழுக்காடு கூடும். மது, சிகரெட், உடல் பருமன், உட்கார்ந்தே இருப்பது ஆகியவையும் அபாயத்தைக் கூட்டும். நார்ச்சத்து குறைக்கும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் சுமார் 95 விழுக்காட்டினர் போதிய காய்கறி, பழம் சாப்பிடவில்லை. சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ இதற்குத்தான் (நம்ம சுக்கு இல்லை, மலாயில் கால் பங்கு): தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, பாதி காய்கறியும் பழமும். அம்பாங் யோங் தௌ ஃபூ கடைக்குப் போனாலும், பொரித்ததை விட்டு வெண்டைக்காய், பாகற்காய் பக்கம் கை போகலாம்.

அப்பா, அம்மாவுக்கு 50 ஆகிவிட்டதா?

அறிகுறியே இல்லாவிட்டாலும், 50 முதல் 75 வயதினர் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் ‘ஐ-எஃப்.ஓ.பி.டி.’ சோதனை கேட்கலாம். சிறிதளவு மலத்தை ஒரு குப்பியில் கொடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத இரத்தமும் அதில் தெரியும். இரத்தம் இருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்து கொலோனோஸ்கோபி செய்வார்கள். பலர் சிரமம் என்று சொல்வது, அதற்கு முன் குடலைச் சுத்தம் செய்யக் குடிக்கும் மருந்தைத்தான். சோதனையின்போது பொதுவாக அரைத்தூக்கத்துக்கு ஊசி போட்டுவிடுவார்கள்.