குவாலியர்க் கோட்டையின் வாயில்கள்

மழைக்காலத்து மேகமூட்டம் சூழ்ந்த ஒரு காலைப் பொழுதில் குவாலியர்க் குன்றின் கீழ்த்திசை அடிவாரத்தில் நின்றோம். ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள அம்மணற்கற் குன்று வெயிலில் வெண்மஞ்சளாகத் தோன்றும் என்பர். அன்று நமக்கு அது ஈயத்தின் நிறத்தையே காட்டிற்று. மேலே செல்ல ஒரே ஏற்றப் பாதை. அதனை வாயிலுக்கு மேல் வாயிலாக மறித்துக் கட்டியிருக்கிறார்கள்.

முதல் வாயில் 1660-இல் எழுந்தது. ஔரங்கசீப்பின் பட்டப் பெயரால் ஆலம்கீரி வாயில் என வழங்குவது. அடுத்ததற்குப் பாதல்கட் வாயில் என்று பெயர். இந்தியில் 'பாதல்' என்றால் மேகம். வானத்தை நோக்கியபடியே, பெயர் வைத்தவர் நம்மைப் போல் ஒரு கார்காலத்தில்தான் வந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டோம். மொழிபெயர்ப்பாளனின் அவசர புத்தி! அரசர் மான்சிங் தோமருக்குச் சிறிய தந்தை முறையினரான பாதல் சிங்கின் பெயரே அது. பண்டு இருந்த வாயில்களுள் இரண்டு இன்று இல்லை. கணேச வாயிலைக் கடந்து ஏறினோம். உச்சியிலுள்ள மான்சிங்கின் அரண்மனையைக் காணும் ஆவலில் பாதையோரத்துச் சிறு கோவில் ஒன்றைப் பாராமலே போயிருப்போம். திடீரெனப் பெய்த மழைதான் அதன் முன்மண்டபத்தில் நம்மை ஒதுங்கச் செய்தது.

ஒரே பாறையைக் குடைந்து செதுக்கிய திருமால் கோவில் அது. சதுர்புஜ ஆலயம் என்பர். மான்சிங்கின் அரண்மனைக்கு அறுநூறு ஆண்டு முந்தியது. பிரதீகார மன்னர் போஜர் காலத்தில், வைல்லபட்டர் என்பவரின் மகனான அல்லர் இதனை அமைத்தார் என்று கல்வெட்டுக் கூறும். அல்லர் இக்கோட்டையின் காவல் அதிகாரி. 'கோட்டபாலர்' என்பது பதவிப் பெயர். இச்சொல்லைக் கண்டதும் நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பானேன்? நம் 'கோட்டை' என்னும் சொல்லோடு உறவுடையது அது. வடமொழியிலுள்ள 'கோட்ட' என்பது திராவிட மொழிகளிலிருந்து சென்றதாகவே மொழி நூலார் பலர் கருதுகின்றனர். பிற்காலத்தில் வடநாட்டு நகரக் காவல் தலைவரைக் குறித்த 'கோத்வால்' என்பதும் இதன் திரிபே.

கோவிலுள் இருக்கும் கி.பி. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பூந்தோட்டம் ஒன்றுக்காக ஊரார் அளித்த நிலத்தைப் பற்றியது. நீளம் 270 முழம். அகலம் 187 முழம். நாள்தோறும் 50 மாலைகள் சாத்தப்பெற வேண்டும். அந்த 270-இன் கடைசியிலும் 50-இன் கடைசியிலும் சிறிய வட்டம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. நாம் இன்று எழுதும் பூஜ்யம் அதுவே! உலகின் முதற் பூஜ்யம் என்று சிலர் சொல்வது பொருந்தாது, கம்போடியாவில் கி.பி. 683-ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டிலேயே பூஜ்யக் குறி உண்டு. ஆயினும் நம் நாட்டில், காலம் ஐயமின்றித் தெரியும் கல்வெட்டுகளுள் இது மிகப் பழையவற்றைச் சேர்ந்தது. கணிதப் புலவர் எவரும் எழுதியதன்று. மாலைக் கணக்கில் வந்தது. அக்காலத்து மக்களுக்கு அக்குறி அத்துணைப் பழகியிருந்தது என்பதே இதன் அருமை.

மழை விட்டது. மேலே ஹாத்தியா பௌர் எனப்படும் யானை வாயிலை அடைந்தோம். அதனை ஒட்டி எழும் அரண்மனைச் சுவரில் நீலமும் பச்சையும் மஞ்சளுமான ஓடுகள் பதித்து, வாத்து வரிசையும் வாழை மரங்களும் அமைத்திருக்கிறார்கள். கரிய வானத்தின் கீழ் அந்நீலம் ஒளிர்ந்தது. யானையை மட்டும் காணோம். 14-ஆம் நூற்றாண்டில் வந்த இபன் பதூதாவும், 1528-இல் வந்த பாபரும் இக்கோட்டை வாயிலில் கல் யானை கண்டதாக எழுதியிருக்கின்றனர். பாபர் கண்ட யானையின் மீது பாகர் இருவர் இருந்தனராம். பெயர் நிற்க, யானை போய்விட்டது.

இத்தனை வாயில்களும் பகைவரைத் தடுத்தனவா? 1232-இல் இல்துத்மிஷ் கோட்டையைக் கொண்டது 11 மாத முற்றுகைக்குப் பின்னரே. 1780 ஆகஸ்டில் கம்பெனிப் படைத்தலைவர் பாப்ஹம் வாயில்களின் பக்கமே வரவில்லை. சிப்பாய்களுக்குப் பஞ்சு திணித்த புற்செருப்பு அணிவித்து, இரவில் ஏணி சார்த்திப் பாறை மீது ஏற்றினார்.

வாயில்கள் வழியாகவே கோட்டை வீழ்ந்தது 1858 ஜூன் 20 அன்று. ஜான்சி ராணி இலட்சுமிபாய் போரில் மடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. கோட்டையினுள் எஞ்சியிருந்தோர் மிகச் சிலர். கோட்டை வாயிலுக்கு அருகே, நகரக் கோத்வாலியில் காவலிருந்த ரோஸ் என்னும் இளம் ஆங்கில அதிகாரி, வாலர் என்ற தோழரையும் சிறு படையையும் அழைத்துக்கொண்டு ஏறினார். கூடவே ஒரு கொல்லரையும் கூட்டிச் சென்றார். அக்கொல்லர் முதல் வாயிலைத் தகர்த்தார், இரண்டாவதைத் தகர்த்தார், இப்படியே ஆறு வாயில்கள். ஆறாவது திறந்தபோதுதான் உள்ளிருந்தோர் விழித்துக்கொண்டனர். பீரங்கி முழங்கிற்று, கைகலப்பு மூண்டது. கோட்டை பிடிபட்டது, ரோஸ் அங்கேயே மாண்டார்.

ரோஸின் பெயரையும் வாலரின் பெயரையும் நூல்கள் சொல்கின்றன. நாம் படித்தவற்றுள் அக்கொல்லரின் பெயர் இல்லை. அவர் கூலிக்கு வந்தாரா, துப்பாக்கி முனையில் வந்தாரா என்றும் எழுதவில்லை. இறங்கி வரும்போது, ஈரம் காயாத அப்பாதையில், அவர் சம்மட்டியோடு கடந்து சென்றிருக்க வேண்டிய அல்லரின் கோவில் முன் மீண்டும் சிறிது நேரம் நின்றோம்.